காட்டு நிழலில் முதற் பூ

நம் நாட்டில் வஸந்தம் வந்து விட்டது என்பதைத் தெரிந்து கொள்ளத் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். மாமரத்தின் உச்சியில் பூங்கொத்துக்கள். வேப்ப மரத்தில் வெள்ளைப் பொரியை வாரி இறைத்தாற்போல் பூக்கள். புங்க மரத்தில் பளபளவென்று புதுத் தளிர். குயில் கூவுவதும் மேலேயிருந்துதான். இங்கிலாந்து தேசத்திலோ வஸந்தத்தைக் காண்பதற்குத் தலையைக் குனிய வேண்டும். சில இடங்களில் முழங்காலையும் மடக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டி, சற்றே முன்னோக்கி வளர்ந்துள்ள சரீரத்தையுடைய ஓர் உபாத்தியாயருக்கு இது அவ்வளவு சுலபமான காரியமல்ல. ஆயினும், சென்ற சித்திரையில் கென்ட் ஜில்லாவின் காடு ஒன்றில் நாம் அவ்விதம் மண்டியிட்டுப் பார்த்த பூவைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பூவின் பெயர் பிரிம்ரோஸ். லத்தீன் மொழியில் 'பிரிமா ரோஸா', அதாவது முதல் ரோஜா என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. ரோஜாவுக்கும் அதற்கும் யாதொரு உறவும் கிடையாது. ஆனால் 'முதல்' என்பது மட்டும் முற்றிலும் உண்மை. பனிக்காலம் விடைபெறுவதற்கு முன்பே, மரங்கள் இலையில்லாமல் விறகுக் கட்டையைப் போல் நிற்கும்போதே, அது பூத்து விடுகிறது.

நமது கலாசாலைகளில் ஆங்கிலம் படித்தவர்களில் இந்தப் பூவின் பெயரைக் கேளாதவர் அநேகமாய் இரார். ஆங்கிலக் கவிகள் அதை அவ்வளவு தூரம் பாடி வைத்திருக்கிறார்கள். நாமும் இருபது வருஷமாக வகுப்பிலே, "பிரிம்ரோஸ் என்றால் ஒரு மஞ்சள் பூ" என்று சொல்லி வருகிறோம். மாணாக்கர்கள் உடனே ஆவாரம் பூவையோ பூவரசம் பூவையோ மனத்தில் நினைத்துக் கொள்வார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? காணாத பூவுக்குக் கண்ட பூதானே உவமை?

காட்டுக்குள் பிரவேசம்

லண்டனில் சாரிங் கிராஸ் ஸ்டேஷனில் ரயிலேறினால் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் கென்ட் ஜில்லாவின் நடுப்பகுதிக்கு வந்து விடலாம். 'இங்கிலாந்தின் தோட்டம்' என்று அந்த ஜில்லாவுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. ஆப்பிள் தோப்புக்களும், செர்ரித் தோப்புக்களும், பீர் என்னும் பானத்துக்குக் கசப்பூட்டும் ஹாப் கொடித் தோட்டங்களும் நிறைந்த பூமி அது. நமது பழைய மாணாக்கர் ஒருவர் அங்கே ஒரு சிற்றூரில் வைத்தியராயிருக்கிறார். ஏழாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்த பிள்ளை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதைப் பின்னால் தெரிந்து கொண்டோம். அவர் வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றும் காட்டைப் பார்த்தே இருந்தது.

"ஸார், நாளைக்குக் காலையில் பக்கத்துக் காட்டுக்குப் போகலாம். அம்மாவும் வரட்டும். பூ பார்க்கலாம்" என்றார் அவர்.

அம்மா என்றது நமது தர்மபத்தினியை. 'காடு' என்றதும் அவள் முகத்தில் சிறிது கவலை தோன்றியது. "புலி, பாம்பு ஏதாவது உண்டா, தம்பி?" என்று கேட்டாள்.

"புலி கிடையாது, அம்மா. சேறு உண்டு" என்று அவர் மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார்.

அந்தக் காடு நாம் எண்ணியிருந்தது போல் இல்லை. ஓங்கி வளர்ந்த ஓக் மரங்கள் தூரத் தூர நின்றன. அவற்றின் இடையே, அடியிலிருந்து பத்துப் பதினைந்து கம்புகளாகக் கிளைத்த ஹேஸல் என்னும் சிறு மரங்கள். எதிலும் இலை விரியவில்லை. வெயில், அதை வெயில் என்று சொல்லலாமானால், தடையில்லாமல் தரை வரையில் வந்து விழுந்தது. தரையெங்கும் சென்ற வருஷத்துச் சருகு. அந்தச் சருகின் மேல், யாரோ பசுவெண்ணெயைச் சிறு சிறு உருண்டைகளாக உருட்டிப் பச்சை இலையில் வைத்துக் கொண்டே போனது போல், பிரிம்ரோஸ் பூத்திருந்தது.

ஆம்; ஆவாரம் பூவின் ஆர்ப்பாட்டமான மஞ்சள் அல்ல அது. புதிதாகக் கடைந்த வெண்ணெயின் நிறம். நடுவில் மட்டும் மஞ்சளைக் குழைத்துப் பொட்டிட்டாற்போல் சற்று அழுத்தமான வட்டம். இதழ்கள் ஐந்து, ஒவ்வோர் இதழின் நுனியிலும் சிறு பிளவு. இலைகள் சுருக்கம் விழுந்து, இளம் முள்ளங்கிச் செடியின் இலைகளைப் போல் தரையோடு தரையாக வட்டமாய்ப் படிந்திருக்கின்றன. அந்த வட்டத்தின் நடுவிலிருந்து, காம்புக்கு ஒரு பூவாக, ஒரே செடியில் பத்தும் இருபதும் கிளம்புகின்றன. செடியின் உயரம் ஒரு சாணைத் தாண்டுவதில்லை. முகர்ந்து பார்த்தால் மிக மெல்லிய இனிய வாசனை. அதை அறிவதற்குத்தான் மண்டியிட வேண்டியிருந்தது.

வெட்டினால் வாழும் பூ

"இந்தக் காட்டை யாரும் தொடாமல் இப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எவ்வளவு நல்ல மனசு!" என்றாள் நமது மனைவி.

வைத்தியர் சிரித்தார். "தொடாமல் விட்டிருந்தால் இந்தப் பூ இருக்காது, அம்மா" என்றார்.

இதுதான் நாம் அன்று கற்றுக் கொண்ட முக்கியமான பாடம். கரும்பை அறுவடை செய்த பின் கட்டையிலிருந்து மறுதாம்பு விடுகிறோமல்லவா? அதே மாதிரி, ஹேஸல் மரத்தை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து பல கம்புகள் கிளம்பும். ஏழு முதல் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கம்புகளை வெட்டி, ஆட்டுப் பட்டிகளுக்குத் தட்டிப் படல் முடைவார்கள். மிச்சம் விறகுக்கும் கரிக்கும் போகும். கென்ட் ஜில்லாவில் செஸ்ட்நட் மரத்தையும் இவ்விதமே வெட்டி ஹாப் கொடிகளுக்குக் கொழுகொம்பு செய்தார்கள். காட்டைப் பல பங்குகளாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கை வெட்டிக் கொண்டே போவார்கள். கடைசிப் பங்கை வெட்டி முடிப்பதற்குள் முதற் பங்கு மீண்டும் வளர்ந்து நிற்கும். இந்த ஏற்பாடு பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்தில் நடந்து வந்தது.

மரத்தை வெட்டியதும் தரைக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அதுவரையில் இருட்டில் ஏதோ உயிரை வைத்துக் கொண்டிருந்த பிரிம்ரோஸ் செடிகள் தலையெடுக்கின்றன. வெட்டிய இரண்டாம் மூன்றாம் வஸந்தங்களில் தரை தெரியாமல் பூக்கின்றன. பிறகு ஹேஸல் வளர வளர நிழல் கூடும், பூ குறையும். அடுத்த வெட்டுக்குச் செடி காத்திருக்கும்.

பிறகு என்ன ஆயிற்று? இரும்புக் கம்பி வந்தது, படல் போயிற்று. நிலக்கரி வந்தது, விறகுக்கரி போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் காட்டு வேலைக்காரரின் அரிவாளுக்கு வேலையில்லாமல் போனபோது, காடுகள் இருண்டன. பூக்களும் குறைந்தன. கைத்தொழில் ஒன்று நசித்தால் அந்தத் தொழிலாளியின் குடும்பம் பட்டினி கிடக்கும் என்பதை நம் நாட்டார் நன்கு அறிவார்கள். நெசவாளர் தெருக்களில் அதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் ஒரு கைத்தொழில் நசித்தால் ஒரு பூவும் பட்டினி கிடக்கும் என்பதை நாம் கென்ட் காட்டில்தான் அறிந்தோம்.

மூதாட்டியின் தோட்டம்

காட்டின் ஓரத்தில், வைத்தியருடைய வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், எண்பது வயதைக் கடந்த ஓர் ஆங்கில மூதாட்டி வசிக்கிறார். அவருடைய வீட்டின் பின்புறத்தில் அரை ஏக்கர் நிலம். அதுவும் ஒரு காலத்தில் இதே காட்டின் துண்டுதான். நாற்பது வருஷத்துக்கு முன் அவர் அங்கே குடி வந்தபோது உள்ளே நுழைய முடியாத புதராக இருந்ததாம். அதை எட்டுப் பங்காகப் பிரித்து, மாரிக்காலந்தோறும் ஒரு பங்கு ஹேஸலைத் தம் கையாலேயே வெட்டி வந்திருக்கிறார். அந்த வனத்தோட்டத்தைப் போல் ஒன்றை நாம் பார்த்ததில்லை. பாத்தி கிடையாது, வரப்பு கிடையாது, செங்கல் வளையம் கிடையாது. காடு தானே கொஞ்சம் தலை வாரிக் கொண்டது போல் இருந்தது.

தேநீர் கொடுத்த பிறகு அம்மூதாட்டி நம்மைச் சுற்றி அழைத்துச் சென்று பிரிம்ரோஸ் வளர்க்கும் முறைகளை விளக்கினார். மலைவாசஸ்தலங்களில் வசிக்கும் நேயர்களும், மேல்நாட்டில் குடியேறியுள்ள நம்மவரும் இதைக் கவனிக்கலாம்.

முதலாவது, நிழல். எந்த நிழலும் உதவாது. வஸந்தத்தில் வெயிலும் கோடையில் நிழலும் வேண்டும். ஆகவே இலையுதிர்க்கும் மரங்களின் கீழ்தான் நட வேண்டும். ஓக், ஹேஸல், பர்ச் ஆகியவை நல்லவை. பீச் மரத்தின் நிழல் மிகவும் அடர்த்தி. அதன் கீழ் ஒன்றும் தேறாது.

இரண்டாவது, மண். ஈரம் தங்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. இதற்குக் கைகண்ட மருந்து மக்கிய இலையுரம். உதிரும் இலையைப் பெருக்கிக் கொளுத்துவது அந்த மூதாட்டியின் சாஸ்திரத்தில் மகா பாபம். கம்பி வலைக் கூண்டில் குவித்து ஓரிரண்டு வருஷம் விட்டு விட்டால் கறுத்துப் பொடியாகி விடுகிறது. அதை இலையுதிர்காலத்தில் செடிகளைச் சுற்றி இரண்டங்குல கனத்துக்குப் பரப்பி விடுகிறார்.

மூன்றாவது, பிரித்து நடுவது. பிரிம்ரோஸ் செடி இரண்டு மூன்று வருஷத்தில் வாழையைப் போலவே பக்கக் கன்றுகள் விட்டு நெருங்கி விடும். பூத்து ஓய்ந்தவுடனே, மண் ஈரமாயிருக்கையில், செடியைத் தோண்டி எடுத்துக் கையினாலே கன்று கன்றாகப் பிரித்து, புது உரமிட்ட இடத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடையின் வறட்சி வருவதற்குள் வேர் பிடித்து விட வேண்டும் என்பதே இதன் ரகசியம்.

நான்காவது, விதை. பழுத்தவுடன் புது விதையாகத் தூவினால் நன்கு முளைக்கும். உலர்த்தி வைத்த பழைய விதைக்கு ஒரு பனிக்காலத்துக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். வெளிச்சமும் அதற்கு வேண்டியிருப்பதால் மண்ணை மேலே கொட்டி மூடக் கூடாது. காட்டில் இந்த விதைப்பு வேலையைச் செய்கிறவை எறும்புகள். விதையின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள சிறு தசை ஒன்று இருக்கிறது. அதற்கு ஆசைப்பட்டு எறும்பு விதையைத் தூக்கிச் சென்று, தின்ன வேண்டியதைத் தின்று விட்டு, விதையைப் போட்டு விடுகிறது. கூலி கொடுத்து ஆள் வைத்தது போல்தான்.

சத்துருக்களும் இல்லாமல் இல்லை. ஒருவகை வண்டின் புழு மண்ணுக்குள்ளிருந்து வேரைத் தின்று விடுகிறது. நேற்று வரை நன்றாயிருந்த செடி இன்று கையோடு வந்து விடும். நத்தைகள் இலையைத் தின்கின்றன. பறவைகளோ பூவைக் கொத்திப் போடுகின்றன. "அவற்றுக்கும் வஸந்தம்தானே?" என்று அம்மூதாட்டி பறவைகளை மட்டும் மன்னித்து விட்டார்.

பிரிம்ரோஸ் தனியாகவும் இல்லை. அதே உயரமுள்ள வேறு பூக்களையும் அதனுடன் கலந்து விட்டிருந்தார். வெள்ளை நக்ஷத்திரம் போன்ற காட்டு அனிமோன், நீல வயலெட், சுருண்ட தலையை மெல்ல நிமிர்த்தும் பெரணி. ஒரு மூலையில் செவ்வூதா நிறத்தில் பாயாகப் படர்ந்த வேறொரு பிரிம்ரோஸ் இருந்தது. அது காகஸஸ் மலையில் 1900-ல் ஜூலியா மிலோகோஸெவிச் என்னும் பெண்மணி கண்டெடுத்த ஜாதியின் வழி வந்தது. அவர் பெயராலேயே 'பிரிமுலா ஜூலியே' என்று அந்த ஜாதி வழங்குகிறது.

டார்வினும் தறி நூலும்

மூதாட்டி இரண்டு செடிகளிலிருந்து ஒவ்வொரு பூவைப் பறித்து நமது மனைவியின் உள்ளங்கையில் வைத்து, "இரண்டும் ஒன்றுதானா, பாருங்கள்" என்றார். நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. நமது மனைவிதான், "ஒன்றில் நடுவிலே குண்டூசித் தலை போல் இருக்கிறது, இன்னொன்றில் நூல் தும்பு போல் இருக்கிறது" என்றாள்.

மூதாட்டி வெகுவாக ஆச்சரியப்பட்டார். ஏனெனில் ஆங்கிலத் தோட்டக்காரர்களும் அவற்றுக்கு அதே பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று 'பின்' கண், குண்டூசி. மற்றொன்று 'திரம்' கண். தறியிலிருந்து துணியை அறுத்த பின் எஞ்சி நிற்கும் பாவு நூல் தும்புக்கு நெசவாளர் வழங்கும் சொல் அது. முதல் வகையில் சூல்தண்டு நீண்டு வாயிலில் நிற்கிறது. மகரந்தப் பைகள் குழாயின் பாதியில் ஒளிந்திருக்கின்றன. இரண்டாம் வகையில் பைகள் வாயிலில், தண்டு உள்ளே. ஒரு செடியில் ஒரு வகைதான் இருக்கும். காட்டில் இரண்டு வகைச் செடிகளும் ஏறக்குறைய சரிபாதி.

எத்தனையோ தலைமுறையாகக் குழந்தைகளும் தோட்டக்காரர்களும் அறிந்திருந்த இந்த வேற்றுமையின் பொருளைக் கண்டு பிடித்தவர் சார்லஸ் டார்வின். அவர் 1842 முதல் 1882-ல் இறக்கும் வரையில் வசித்த டவுன் ஹவுஸ் என்னும் வீடும் இதே கென்ட் பிரதேசத்தில்தான் இருக்கிறது. இப்போது அது பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது. மறுநாள் நாம் போய்ப் பார்த்தோம். பூச்சி அணுகாதபடி செடிகளுக்கு வலை மூடி, தம் கையாலேயே மகரந்தத்தை மாற்றி வைத்து, உண்டான விதைகளைச் சோதித்து, அவர் 1862-ல் முடிவை வெளியிட்டார். குண்டூசிப் பூவுக்கு நூல் பூவின் மகரந்தம் கிடைத்தால்தான் விதை நிறைய உண்டாகிறது. நூல் பூவுக்குக் குண்டூசிப் பூவினுடையது. பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழாயில் ஒரு வகைப் பூவில் ஒட்டிய மகரந்தம், மறு வகைப் பூவில் சரியாகச் சூல்முடியின் மட்டத்தில் போய்ச் சேருகிறது. ஒரே ரகம் தன்னோடு தானே கூடாமல், வேறுபட்டவை கூட வேண்டும் என்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு. தம் விஞ்ஞான வாழ்க்கையில் இந்தப் பூக்களின் அமைப்பை விளங்கிக் கொண்டதைப் போல் வேறொன்றும் திருப்தி அளிக்கவில்லை என்ற கருத்தை டார்வின் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

தோட்டக்காரருக்கும் இதில் ஒரு புத்திமதி உண்டு. ஒரே செடியைப் பிரித்துப் பிரித்து நட்டால் தோட்டம் முழுவதும் ஒரே வகையாகி, விதை அபூர்வமாகி விடும். தானாகப் பரவ வேண்டுமானால் இரண்டு வகையும் வேண்டும்.

பூவுக்குக் கிடைத்த அரசியல்

அழகிய பொருளை அரசியல்வாதிகள் விட்டு வைப்பார்களா? 1881 ஏப்ரல் 19-ந் தேதி இங்கிலாந்தின் முன்னாள் பிரதம மந்திரி டிஸ்ரேலி காலமானார். அவருக்குப் பிரியமான பூ என்று விக்டோரியா ராணி பிரிம்ரோஸ் மலர் வளையம் அனுப்பினாள். உடனே அந்தப் பூ ஒரு கட்சிச் சின்னமாகி விட்டது. 1883-ல் 'பிரிம்ரோஸ் லீக்' என்ற சங்கம் ஏற்பட்டது. ராஜ பக்தியையும் ஏகாதிபத்தியத்தையும் வளர்ப்பது அதன் நோக்கம். ஆண்டுதோறும் ஏப்ரல் 19-ந் தேதி சட்டைப் பொத்தானில் இந்தப் பூவைச் செருகிக் கொள்வது வழக்கமாயிற்று. கிராமங்களிலிருந்து கூடை கூடையாகப் பூக்கள் லண்டனுக்குச் சென்றன. அந்தச் சங்கம் 2004-ல்தான் கலைக்கப்பட்டது.

விக்டோரியாவுக்கு 1876-ல் இந்தியச் சக்கரவர்த்தினி என்ற பட்டத்தைத் தேடிக் கொடுத்தவர் இந்த டிஸ்ரேலிதான். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் லிட்டன் பிரபு மகா ஆடம்பரமாகத் தர்பார் நடத்தி அந்தப் பட்டத்தைப் பிரகடனம் செய்தார். அதே சமயத்தில் நமது சென்னை ராஜதானியில் என்ன நடந்து கொண்டிருந்தது? நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட தாது வருஷப் பஞ்சம்! டில்லியில் விருந்து நடக்கையில், தெற்கே ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்து கொண்டிருந்தார்கள்.

கையில் இருந்த பூவைப் பார்க்கையில் இது நமக்கு நினைவு வந்தது. ஒரு கணம் அதைக் கீழே வைத்து விடலாமா என்றும் தோன்றியது. ஆனால் பூ என்ன செய்யும்? டிஸ்ரேலி பிறப்பதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அது பூத்துக் கொண்டிருந்தது. சங்கம் கலைந்தது, சாம்ராஜ்யம் கலைந்தது, எறும்பு இன்னும் விதை சுமந்து கொண்டுதான் இருக்கிறது.

இரண்டு பெரிய தோட்டங்கள்

வனத்தோட்டக் கலையின் குரு என்று ஆங்கிலேயர் போற்றும் பெண்மணி ஜெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932). ஸர்ரே ஜில்லாவில் காடால்மிங் ஊருக்கு அருகே மன்ஸ்டெட் வுட் என்ற இடத்தில் மரநிழலில் பிரிம்ரோஸுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருந்தார். மஞ்சளும் வெள்ளையுமான பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இனத்தை, ஆண்டுதோறும் நாற்றுக்களில் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கிப் பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கினார். சித்திரக்காரியாக வாழத் தொடங்கியவர். கண் பார்வை மங்கியதால் தூரிகையை விட்டு மண்வெட்டியைப் பிடித்தவர். 1890-களில் அவருக்கு அங்கே வீடு கட்டிக் கொடுத்த இளைஞர் எட்வின் லட்யென்ஸ். பெயர் பழக்கமானதாக இருக்கிறதா? புது டில்லியில் இன்று நமது ராஷ்டிரபதி வசிக்கும் மாளிகையைப் பின்னால் நிர்மாணித்தவர் அவரேதான். மன்ஸ்டெட் வுட்டை 2023-ல் நேஷனல் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனம் வாங்கிப் பாதுகாக்கத் தொடங்கியிருக்கிறது.

இரண்டாவது தோட்டம் கென்ட் ஜில்லாவிலுள்ள ஸிஸ்ஸிங்ஹர்ஸ்ட். பாழடைந்து கிடந்த இந்த இடத்தை 1930-ல் எழுத்தாளர்களான வீட்டா ஸாக்வில்-வெஸ்டும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்ஸனும் வாங்கினார்கள். அங்கே வரிசையாக நின்ற ஹேஸல் மரங்களின் கீழே, பிரிம்ரோஸின் உறவான பாலியாந்தஸ் செடிகளைப் பல வர்ணங்களில் நெருக்கி நட்டார்கள். ரத்தினக் கம்பளம் விரித்தாற்போல் அது பூத்ததைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் ஒரே இடத்தில் ஒரே செடியை வருஷக்கணக்கில் வைத்திருந்ததால் மண் சலித்து நோய் கண்டது. தலைமைத் தோட்டக்காரப் பெண்மணிகள் பாடுபட்டுப் பார்த்தும் கம்பளத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 1970-களில் அதை எடுத்து விட்டு, பெரணிகளும் அனிமோன்களும் மற்றும் பல காட்டுப் பூக்களும் கலந்த தரையை உண்டாக்கினார்கள். நாம் சென்றபோது அந்தப் பல ஜாதிக் கூட்டம் மிகச் சுகமாய் இருந்தது. காட்டில் எறும்பு கலந்து விதைக்கிறது. மூதாட்டியும் கலந்து நடுகிறார். தனியொரு ஜாதியின் படாடோபம் சில வருஷத்துக் காட்சி என்பதை ஸிஸ்ஸிங்ஹர்ஸ்டின் மண் சொல்லிக் கொடுத்து விட்டது.

அடுத்த அரிவாள்

புறப்படுவதற்கு முதல் நாள் மூதாட்டியிடம் விடைபெறச் சென்றோம். சென்ற மாரிக்காலத்தில் அவருடைய கை அரிவாளைப் பிடிக்க மறுத்து விட்டதாம். எட்டாவது பங்கு வெட்டப்படாமல் நிற்கிறது. வீட்டை விற்று விட்டு மகளுடைய ஊருக்குப் போய்விட வேண்டும் என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள்.

"வாங்குகிறவர்கள் கெட்டவர்களாக இருப்பார்கள் என்று நான் பயப்படவில்லை. மரத்தை வெட்டக் கூடாது என்று நினைக்கும் நல்லவர்களாக இருந்து விடுவார்களோ என்றுதான் பயப்படுகிறேன்" என்றார் அவர்.

செடிகள் உடனே சாகமாட்டா. ஆனால் நிழல் மூடிக் கொண்டே வரும். பூ வருஷத்துக்கு வருஷம் குறையும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அங்கே ஒரு காலத்தில் வெண்ணெய் உருண்டைகள் இறைந்து கிடந்தன என்பதைச் சொல்லவும் ஆளிராது. 1981-ல் இயற்றிய சட்டப்படி நிலத்துக்குரியவரின் அநுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் அங்கே வேரோடு பிடுங்கக் கூடாது. பிடுங்குகிற கையைச் சட்டம் தடுக்கும். வெட்ட வேண்டிய கையைச் சட்டம் கொண்டு வந்து கொடுக்குமா?

நமது வைத்தியர் இதுவரையில் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக எழுந்து, கொட்டகைக்குள் சென்று, அந்தப் பழைய அரிவாளைக் கையில் எடுத்துக் கொண்டு வந்தார். "எட்டாவது பங்கை இந்த மாரிக்காலத்தில் நான் வெட்டுகிறேன். எப்படி வெட்டுவது என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். வீட்டை வாங்குகிறவர் யாராயிருந்தாலும் அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றார். மூதாட்டி ஒன்றும் பதில் சொல்லவில்லை. அரிவாளின் பிடியை வாங்கித் தம் கைக்குட்டையால் துடைத்துத் திரும்பக் கொடுத்தார்.

உபாத்தியாயரின் வாழ்க்கையில் சம்பளத்தைத் தவிர வேறு வருமானமும் உண்டு என்று பெரியோர் சொல்வார்கள். அன்று நமக்கு அந்த வருமானம் கிடைத்தது.

நம் இமயத்துப் பூக்கள்

"இதில் ஒரு செடியைச் சென்னைக்குக் கொண்டு போனால் வருமா, தம்பி?" என்று நமது மனைவி கேட்டாள். வராது. சென்னையின் கத்திரி வெயிலை அது ஒரு வாரம் தாங்காது. விதைக்கு வேண்டிய பனிக்குளிரையும் நம்மால் கொடுக்க முடியாது. வராததை வரவழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏனெனில் பிரிம்ரோஸின் குடும்பம் நம் தேசத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயத் தோட்டங்களில் வஸந்தந்தோறும் ஊதா நிற உருண்டைத் தலையோடு நிற்கும் 'பிரிமுலா டென்டிகுலேட்டா' நம் இமயமலைச் சரிவுகளின் குழந்தை. ஈரத் தரையில் ரோஜா நிறமாகத் தாழப் பூக்கும் 'பிரிமுலா ரோஸியா' மேற்கு இமயத்தைச் சேர்ந்தது. டார்வினின் அருமை நண்பர் ஜோஸப் ஹூக்கர் 1848 முதல் சிக்கிம் மலைகளில் அலைந்து சேகரித்தவற்றில் 'பிரிமுலா ஸிக்கிமென்ஸிஸ்' என்பதும் ஒன்று. சீமைத் தோட்டங்களில் அவற்றைக் காண்பதற்கு நம்மவர் டிக்கெட் வாங்குகிறார்கள். பத்ரிக்கும் கேதாரத்துக்கும் யாத்திரை போகிறவர்களோ, அவற்றின் பக்கத்திலேயே நடந்து போகிறார்கள்.

ஆகையால், வஸந்தத்தில் இமயத்துக்குச் செல்லும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். பனிச் சிகரங்களை நன்றாக, வேண்டிய மட்டும் நிமிர்ந்து பாருங்கள். பிறகு சற்றே குனிந்து, உருகும் பனியின் ஓரத்தில், ஈரப் புல்லின் நடுவே, காலடியில் என்ன பூத்திருக்கிறது என்றும் பாருங்கள். கூடவே குழந்தைகள் இருந்தால் இன்னும் விசேஷம். அவர்கள் மண்டியிடுவதற்கு நம்மைப் போல் கஷ்டப்பட வேண்டியதில்லை.